ஆண் பக்கக் குழந்தையின்மை: முதல் பரிசோதனையிலிருந்து இக்ஸி வரை, தம்பதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருமணமான இரண்டாம் ஆண்டில் என் மனைவியை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவள் நோயாளி, நான் துணைக்குப் போனவன் என்பதே அன்று என் எண்ணம். அடுத்த பதினான்கு மாதங்களில் அவளுக்கு மாதந்தோறும் கருமுட்டை ஸ்கேன், தைராய்டு, புரோலாக்டின், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று கோப்பு தடித்துக்கொண்டே போனது. அந்த எக்ஸ்ரே முடிந்து வந்தவள் வலியில் ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வேறு மருத்துவரிடம் போனோம். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்து, "உங்கள் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். என் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. மறுநாள் காலை சில நூறு ரூபாய் கட்டிச் சோதனை செய்தோம். ஒரு மில்லிலிட்டருக்கு 4 மில்லியன் விந்தணுக்கள். இருக்கவேண்டிய அளவில் கால்பங்கு.

அந்தப் பதினான்கு மாதங்களை அவளுக்கு என்னால் திருப்பித் தர முடியாது. இதைப் படிக்கும் ஒரு தம்பதிக்காவது அவை மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வற்புறுத்தப்போவது ஒன்றுதான்: ஆணை முதல் நாளிலேயே பரிசோதிக்க வேண்டும், குறை தெரிந்தால் அதன் காரணத்தைத் தேடிவிட்டே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

1. எப்போது போவது, யார் போவது

ஓராண்டு தடையின்றி உறவு வைத்தும் கருத்தரிக்காவிட்டால் மருத்துவரிடம் போகலாம். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். சிறுவயதில் விதைப்பைக்குள் விதை இறங்காமல் இருந்தவர்கள், பருவ வயதில் புட்டாளம்மை வந்து விதை வீங்கியவர்கள், குடலிறக்க அறுவை செய்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ பெற்றவர்கள் எந்தக் கணக்கும் பார்க்காமல் உடனே போகவேண்டும்.

"உறவு" என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கருமுட்டை வெளிவந்தபின் ஒரு நாளுக்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே பயனுள்ளவை. கணவன் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருந்து ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் வந்துபோகிறான் என்றால், அதைக் குழந்தையின்மை என்று சொல்வதற்கு முன் இந்த நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். உடன் வாழ்பவர்கள் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் நாள் பார்க்கவே தேவையில்லை.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. சிலரிடம் அதுவே ஒரே காரணம். அப்படியிருந்தும் நம் ஊரில் முதலில் ஸ்கேன் மேசையில் படுப்பவள் மனைவிதான். இருவரும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

2. விந்துப் பரிசோதனை

இந்த இடத்தில்தான் பல ஆண்கள் மாதக்கணக்கில் நழுவுகிறார்கள், நானும் நழுவியவன்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். பத்து நாள் அடக்கிவைத்தால் எண்ணிக்கை கூடும் என்று நினைக்கிறார்கள். எண்ணிக்கை கூடலாம், ஆனால் தேங்கிக் கிடந்த அணுக்களின் ஓட்டம் குறைந்துவிடும். முந்தைய மூன்று மாதங்களில் கடுமையான காய்ச்சல், டெங்கு, டைபாய்டு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சலின் தழும்பு ரிப்போர்ட்டில் தெரியும்.

சுய இன்பத்தின் மூலம், ஆய்வகம் தரும் டப்பாவிலேயே எடுக்க வேண்டும். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் கூடாது. கடையில் வாங்கும் சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. முதல் துளிகளில்தான் அணுக்கள் மிகுதி என்பதால் கொஞ்சம் கீழே சிந்தியிருந்தால்கூட மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத குறை உங்கள் தலையில் எழுதப்படும்.

பல ஆய்வகங்களில் இதற்கென்று தனி அறை கிடையாது. வரிசையில் ஆள் நிற்கும் கழிப்பறையைக் காட்டுவார்கள். வெளியே தட்டுகிற சத்தத்தில் எவராலும் இயலாது. இயலாமல் திரும்பி வந்தவர்கள் தங்களுக்கு ஆண்மையே இல்லை என்று முடிவுகட்டி உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அவமானப்பட ஒன்றுமில்லை. வீட்டிலேயே எடுத்து, டப்பாவைச் சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்து, அரைமணி நேரத்துக்குள், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கலாம். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஆய்வகத்தில் மனைவியும் உடன் இருக்கலாமா என்று கேளுங்கள். குழந்தைப்பேறு மையங்கள் பலவற்றில் அனுமதிக்கிறார்கள். எடுத்த நேரத்தைச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நேரம் குறிக்காத ஆய்வகத்தின் ரிப்போர்ட்டை நான் நம்பமாட்டேன்.

முடிவு குறைவாக வந்தால் சில வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். ஒரே மனிதனுக்கு இந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெரிதும் மாறும். ஒரே தாளை வைத்து இக்ஸிக்கு, அதாவது உடலுக்கு வெளியே முட்டைக்குள் ஓர் அணுவை ஊசியால் செலுத்திக் கருவாக்கும் சிகிச்சைக்கு, தேதி குறிப்பது தவறு.

3. ரிப்போர்ட்டைப் படிப்பது

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 16 மில்லியன், அதாவது ஒரு கோடியே அறுபது லட்சம் அணுக்கள், மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். சில ஆய்வகங்கள் இன்னும் 2010-ன் எண்களையோ அதற்கும் பழையவற்றையோ அச்சிடுகின்றன. அதனால் ஒரே முடிவு ஓரிடத்தில் "இயல்பு" என்றும் வேறோரிடத்தில் "குறைவு" என்றும் வரும்.

இந்த எல்லைகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் விந்தைச் சோதித்து வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையின் அடியில் இருக்கும் 5 சதவீதத்தினரைப் பிரிக்கும் கோடுதான் 16 மில்லியன். கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் தந்தையானவர்கள்தாம். எனவே 12 மில்லியன் என்றால் குழந்தையே பிறக்காது என்று பொருள் இல்லை. 40 மில்லியன் என்றால் பிறந்தே தீரும் என்றும் இல்லை.

"96 சதவீதம் வடிவம் சரியில்லை" என்ற வரியைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. இயல்பின் எல்லையே 4 சதவீதம்தான். அந்த வரி எல்லைக்குள் இருக்கிறது. குறைபாடுள்ள அணுவால் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் என்பதும் இந்தச் சோதனை சொல்லும் செய்தி அல்ல.

"நில்" என்று வந்தால், அதாவது ஓர் அணுகூட இல்லை என்றால், மாதிரியைச் சுழற்றி அடியில் தங்குவதைத் தேடினார்களா என்று கேளுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே வந்தால்தான் அதற்கு அசூஸ்பெர்மியா என்று பெயர். ஆண்கள் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது இருக்கிறது. அளவே மிகக் குறைவாக இருந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறதா என்று உறவுக்குப் பின் வரும் சிறுநீரைச் சோதிப்பார்கள். இது எளிதான சோதனை. கேட்காவிட்டால் விட்டுவிடுகிறார்கள்.

4. ஆணை யார் பரிசோதிப்பது

எண்ணிக்கை குறைவு என்றதும் பல இடங்களில் நேராக இக்ஸிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆணின் உடலை எவரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இதுதான் எனக்கு மிகுந்த கோபம் தரும் விஷயம். யூராலஜிஸ்ட், அவர்களிலும் ஆண் மலட்டுத்தன்மையில் பயிற்சி பெற்ற ஆண்ட்ராலஜிஸ்ட் உங்களைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரியல் (யூராலஜி) புறநோயாளிப் பிரிவிலும் இதற்குக் காட்டலாம்.

அவர் முதலில் கையால் பார்ப்பார். செபமாலை போல் கோர்த்த, வெவ்வேறு பருமனுள்ள மணிகளோடு விதையின் பருமனை ஒப்பிடுவார். வளர்ந்த ஆணுக்கு 15 மில்லிக்கு மேல் இருப்பது வழக்கம். விதைக்கு மேலே ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லிப் பார்ப்பார். அதுதான் வெரிகோசீல். ஆண்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கும், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கும் அது இருக்கிறது. விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாத ஆண்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் கருவி மருத்துவரின் விரல்தான். லட்சங்கள் செலவழித்தபின் இந்த ஒரு தொடுதலில் காரணம் தெரியவந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு ரத்தம்: விதைக்குக் கட்டளையிடும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் (காலையில் எடுத்தது), புரோலாக்டின். விதை சிறுத்து எஃப்.எஸ்.ஹெச். உயர்ந்திருந்தால் உற்பத்தியில் குறை. விதையும் ஹார்மோனும் இயல்பாக இருந்து அணு இல்லையென்றால் பெரும்பாலும் வழியில் அடைப்பு. எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றுமே தாழ்ந்திருந்தால் மூளையின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து கட்டளை வரவில்லை. இவர்களில் சிலருக்கு மணம் தெரியாது. ஆண் மலட்டுத்தன்மையில் ஊசி மருந்தால் சீராகக்கூடிய வகை இதுதான். ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை பொறுமை வேண்டும்.

அணு இல்லாதவர்களுக்கும், மில்லிக்கு 5 மில்லியனுக்கும் குறைந்தவர்களுக்கும் குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும் தேவைப்படும். கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோம் இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை பலருக்கு இந்த நேரத்தில்தான் தெரியவருகிறது. ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கான ஏ.இசட்.எஃப். என்ற இடத்தின் ஏ, பி பகுதிகள் முழுதும் விடுபட்டிருந்தால் விதையைத் திறந்து தேடினாலும் அணு கிடைக்காது. தேவையற்ற அறுவை தவிரும். சி பகுதி என்றால் கிடைக்கலாம், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். விந்துக்குழாய் இல்லாதவர்களும் அவர்கள் மனைவியரும் நுரையீரலையும் செரிமானத்தையும் தாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் மரபணுவைச் சோதித்துக்கொண்ட பிறகே இக்ஸிக்குப் போக வேண்டும்.

விதையில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் குழந்தைப் பேச்சை ஒதுக்கிவைத்து, உடனே காட்டுங்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

5. வீட்டில் சொல்வது

ரிப்போர்ட்டை நான் மூன்று நாள் வண்டிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். "உங்களுக்காக அழவில்லைங்க, இத்தனை நாள் என்னைப்பற்றி நானே நினைத்துக்கொண்டதற்கு அழுகிறேன்" என்றாள். அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. மூன்று நாள் அதை அவளிடமிருந்து ஒளித்தேன் என்பதையும் மறக்கவில்லை.

அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். "அம்மா, குறை என்னிடம் இருக்கிறது. அவளை இனி ஒன்றும் கேட்காதே." அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை வெளியில் சொல்லாதே" என்றார். சொல்லாமல் இருப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கல்யாண வீட்டில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி அவளை நோக்கித்தான் வரும். வளைகாப்பில் வளையல் அடுக்க அவளைத்தான் கூப்பிடமாட்டார்கள். ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவளைக் குத்திக்காட்டுகிற அந்த நான்கைந்து பேருக்குக் கணவன் தன் வாயால் சொல்ல வேண்டும். "இருவருக்கும் சிகிச்சை நடக்கிறது, நல்ல சேதி இருந்தால் நாங்களே சொல்வோம்" என்ற அளவு போதும்.

ஆண்மை வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு. உறவில் எந்தக் குறையும் இல்லாதவருக்கு அணுவே இல்லாமல் இருக்கலாம். சுவர் விளம்பரத்தைப் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் பெயர் தெரியாத லேகியத்தை வாங்காதீர்கள். திருக்கருகாவூருக்குப் போய் நெய்ப் பிரசாதம் வாங்கி வருவது மனத்துக்குத் தெம்பு தந்தால் இருவருமாகப் போய்வாருங்கள், நாங்களும் போனோம். சோதனைத் தேதியை மட்டும் அதற்காகத் தள்ளாதீர்கள்.

நாள் குறித்து உறவு கொள்வது சில மாதங்களில் கடமையாகி, ஆணுக்கு இயலாமல்கூடப் போகலாம். அப்போது ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 104, நாடெங்கும் 14416 என்ற எண்களில் பேசலாம்.

6. மூன்று மாதத்தில் நம் கையில் இருப்பது

ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. இன்று விட்ட புகையிலையின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தாளில் தெரியும். புகை, மெல்லும் புகையிலை, மது, உடல் பருமன் இவற்றைக் குறைக்கச் சொல்வார்கள், சரிதான். விதைப்பை உடலைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டிய உறுப்பு. ஓட்டல் அடுப்பு, பாய்லர், வெல்டிங் வேலைக்காரர்கள், நாள் முழுதும் எஞ்சின் சூட்டில் உட்காரும் ஓட்டுநர்கள் இடைவெளி விட்டு எழுந்து நடக்க வேண்டும். மடிக்கணினியை மடியில் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஜிம்மில் உடல் ஏற்றுவதற்கோ, சோர்வுக்கென்று ஒருவர் எழுதிக்கொடுத்தோ போட்டுக்கொண்டால், வெளியிலிருந்து வரும் ஹார்மோனைக் கண்டு மூளை தன் கட்டளையை நிறுத்திவிடும்; எண்ணிக்கை பூச்சியம் வரை இறங்கும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மாதங்கள் கழித்துத் திரும்பும். மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள். முடி கொட்டாமலிருக்க எடுக்கும் ஃபினாஸ்டரைடு, குடல் அழற்சிக்கான சல்ஃபாசலசீன் ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

சத்து மாத்திரைகளுக்கு மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் போகிறது. 2,370 தம்பதிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2020-ல் வெளியான பெரிய ஆய்வில் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைப் பிறப்பு கூடவில்லை. அந்தப் பணத்தை நான் சேமித்துவைக்கத்தான் சொல்வேன்.

7. சிகிச்சைப் படிகள்

கையில் தட்டுப்படும் வெரிகோசீலும் குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்திருந்தால் நுண்ணோக்கி வைத்துச் செய்யும் சிறிய அறுவையால் பலருக்கு முன்னேற்றம் உண்டு. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். ஸ்கேனில் மட்டும் தெரியும் வெரிகோசீலுக்குக் கத்தி தேவையில்லை. மனைவியின் வயதும் இங்கே எடைபோட வேண்டியது. அவளுக்கு 27 என்றால் காத்திருக்கலாம். 37 என்றால் அவளுடைய கருமுட்டைகள் உங்கள் எண்ணிக்கைக்காகக் காத்திருக்காது.

ஐ.யு.ஐ. என்பது கழுவித் தேர்ந்த அணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவது. கழுவியபின் ஓடும் அணுக்கள் 5 மில்லியனாவது தேறினால்தான் அதில் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். மூன்று நான்கு முறைக்கு மேல் அதையே திரும்பச் செய்வதில் பயன் குறைவு.

அடுத்தது இக்ஸி. 1992-ல் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் இந்த முறையில் முதல் கர்ப்பங்கள் உண்டானதாக அறிவித்தார்கள். ஒரு முட்டைக்கு ஓர் அணுவை நுண் ஊசியால் செலுத்தினால் போதும் என்பதால், கோடிக்கணக்கில் தேவைப்பட்டது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் குறை ஆணிடம் இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதும், மயக்கம் கொடுத்து முட்டை எடுக்கப்படுவதும், சினைப்பை வீங்கும் ஆபத்தைச் சுமப்பதும் மனைவிதான். அந்த ஊசிகளை நான் போடக் கற்றுக்கொண்டேன். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

விந்தில் அணு இல்லாதபோது, அடைப்புள்ளவர்களுக்கு ஊசியாலேயே விதையிலிருந்து எடுத்துவிடலாம். உற்பத்திக் குறை உள்ளவர்களுக்கு நுண்ணோக்கியில் விதைத் திசுவைத் தேடும் மைக்ரோ டீஸ். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. கிடைத்ததை உறையவைக்கும் வசதி அதே இடத்தில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

எங்களுக்கு வெரிகோசீல் அறுவைக்குப் பின் 11 மில்லியன் ஆனது. இரண்டு ஐ.யு.ஐ. தோற்றது, முதல் இக்ஸி தோற்றது, இரண்டாவதில் மகள் பிறந்தாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த தம்பதிக்கு நான்கு முயற்சிகளிலும் தோல்வி. இருவரும் எங்களைவிட ஒழுங்காகவே எல்லாம் செய்தவர்கள்.

8. மையம், சட்டம், பணம்

2021-ல் இயற்றப்பட்ட கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் உள்ளது. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெண்ணுக்கு 21-க்கு மேல் 50-க்குள், ஆணுக்கு 21-க்கு மேல் 55-க்குள் வயது இருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு, ஆபத்து, செலவு மூன்றையும் விளக்குவது மையத்தின் கடமை. கரு கருப்பைக்குள் வைக்கப்படும் முன்பு வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பாலினத் தேர்வு குற்றம்.

"வெற்றி 70 சதவீதம்" என்றால், எதில் என்று கேளுங்கள்: ரத்தச் சோதனையிலா, பிறந்த குழந்தையிலா? என் மனைவியின் வயதில் எவ்வளவு? மருந்து, மயக்கம், உறையவைத்தல், ஆண்டுதோறும் பாதுகாப்புக் கட்டணம் எல்லாம் தொகுப்பில் அடக்கமா? எழுதித் தரச் சொல்லுங்கள். நகையை அடகுவைக்கும் முன்பே எத்தனை முறை, எவ்வளவு பணம் என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தோல்வியின் மறுநாள் அந்த முடிவை எடுக்கக் கூடாது.

9. தன் அணு கிடைக்காதபோது

கொடையாளர் விந்து பற்றி முதலில் கேட்கும்போது ஆணுக்கு நெஞ்சு அடைக்கும். அன்றே பதில் சொல்லாதீர்கள். சட்டப்படி பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் வர வேண்டும். கொடையாளர் 21 முதல் 55 வயதுக்குள் உள்ளவர். ஒரு கொடையாளரின் அணு ஒரே தம்பதிக்குத்தான். பிறக்கும் குழந்தை சட்டத்தின் முன் உங்கள் இருவரின் சொந்தக் குழந்தை. கணவனின் எழுத்துபூர்வச் சம்மதமின்றிச் செய்யக் கூடாது. மாமியாரோ மருத்துவரோ நெருக்கி வாங்கும் சம்மதம் பிற்பாடு குழந்தையின் மேல் விழும். இதை நான் அஞ்சுகிறேன்.

தத்தெடுப்பதற்கு மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் தளத்தில் பதிய வேண்டும். திருமணமாகி இரண்டாண்டு நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து இருவரிடமும் பேசி அறிக்கை எழுதுவார். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். ஆகவே இந்தப் பேச்சைச் சிகிச்சை முடியும்வரை ஒத்திப்போடாமல், ஐ.யு.ஐ. நடக்கும் நாட்களிலேயே ஒரு மாலை இருவரும் வெளியே நடந்துபோய்ப் பேசிவிடுங்கள்.